கண்ணுக்கு மேல் பொட்டு வைத்த இரண்டு குட்டிகள்: ஒரு லாப்ரடார் ஈற்றும் மூன்று டி.என்.ஏ. சோதனைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் நடந்தது இது. நான் வேலை பார்க்கிற தனியார் கால்நடை கிளினிக்குக்கு இரண்டு தரப்பும் வருகிறவர்கள், அதனால் ஆரம்பம் முதல் முடிவு வரை பெரும்பகுதி என் கண் முன்னால்தான் நடந்தது, சில இடங்களில் நானும் தவறு செய்தேன். இரண்டு வீட்டாரும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

பெண் நாய் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டில் வளர்வது. நாலு வயது, கறுப்பு லாப்ரடார், கென்னல் கிளப் பேப்பர் (இனச் சான்றிதழ்) உண்டு, அதற்கு முன் குட்டி போட்டதில்லை. வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம், பின்பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை, மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் பழைய வேலி. அந்த வேலிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமானது.

ஆண் நாய் கருங்கல் பக்கம் ஒரு அண்ணனுடையது. நல்ல உடம்பு, வெளிர் மஞ்சள் நிறம், பேப்பர் கிடையாது. ஆனால் அந்த நாய்க்குப் பிறந்த குட்டிகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய வீடுகளில் இருக்கின்றன, எல்லாம் கறுப்பு அல்லது மஞ்சள். அண்ணனுக்கு அதில் பெருமை உண்டு, அது நியாயமான பெருமைதான், நாயை அவ்வளவு நன்றாக வைத்திருப்பார்.

பேச்சு இதுதான்: மேட்டிங்குக்குப் பணம் வேண்டாம், ஈற்றில் ஒரு குட்டி, அதை அண்ணன் முதலில் தேர்ந்தெடுப்பார். எழுத்தில் எதுவும் இல்லை. ஓணத்துக்கு அடுத்த வாரம், ஹீட் (பெண் நாய் இணை சேரும் பருவம்) தொடங்கிய 11-ஆம் நாளும் 13-ஆம் நாளும் டீச்சரின் மகன் நாயை காரில் கருங்கலுக்குக் கொண்டுபோய் வந்தார். இரண்டு தடவையும் இணை சேர்ந்தது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஹீட் அதோடு முடிந்துவிடாது, இன்னும் ஒரு வாரமாவது நாயைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு கிளினிக்கில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

ஏழு குட்டிகள்

ஐப்பசி மழையில் குட்டி போட்டது. மூன்று கறுப்பு, இரண்டு மஞ்சள், மிச்சம் இரண்டும் கறுப்பு உடம்பில் பழுப்பு: கண்ணுக்கு மேல் இரண்டு பொட்டு, மூக்கின் இரு பக்கமும், நெஞ்சிலும், கால் நுனியிலும், வாலுக்கு அடியிலும் பழுப்பு. ராட்வைலரிலும் டாபர்மேனிலும் பார்க்கிற அதே அமைப்பு. நம் பக்கத்தில் இந்த நிறம் என்றாலே கன்னி என்ற நாட்டு இன நாய்தான் ஞாபகத்துக்கு வரும், அதனால் பார்க்க வந்த ஒருவர் பாக்கி இல்லாமல் 'கன்னி ஏறியிருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குட்டிகளுக்கு 25 நாள் ஆனபோது அண்ணன் பார்க்க வந்தார். அன்று நான் அங்கே இருந்தேன், ஊசி அட்டவணை எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். பொட்டுக் குட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், எங்க நாய்க்கு இப்படி ஒரு குட்டி இதுவரைக்கும் பிறந்ததில்ல. வேற நாய் ஏறியிருக்கு. நாளைக்கு ஊருக்குள்ள எங்க நாயத்தான் சொல்லுவாங்க."

"எங்க நாய் வீட்ட விட்டு இறங்கலியே தம்பி. பேப்பர் இருக்கிறது எங்க நாய்க்கு. உங்க நாய்க்குத்தான் இல்ல."

இரண்டு பேரும் மரியாதை குறையாமல்தான் பேசினார்கள், ஆனாலும் அன்றோடு போக்குவரத்து நின்றுபோனது. என்னைக் கேட்டார்கள். நான் சொன்னது: 'லாப்ரடாருக்கு இந்த நிறம் வராதுதான், டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடும்.' அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. லாப்ரடாருக்கு இந்த நிறம் அபூர்வமாக வரும். டி.என்.ஏ. என்று பொதுவாகச் சொன்னதும் தப்பு, எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

அந்த வாரமே மூன்று முடிவுகள் எடுத்தார்கள்.

ஒன்று, பொட்டுக் குட்டி ஒன்றின் வம்சாவளியை ஆன்லைனில் கிட் வாங்கிப் பார்ப்பது. மகன் ஏற்பாடு செய்தார். கலப்பு என்று வந்தால் அண்ணன் சொல்வது சரி, லாப்ரடார் என்று வந்தால் டீச்சர் சொல்வது சரி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு, அண்ணனுக்கு உரிய குட்டியை அவர் எடுத்துக்கொள்வது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஏழாவது வாரத்தில் வந்து ஒரு கறுப்புக் கடுவனை (ஆண் குட்டியை) எடுத்தார். பெரிய தலை, கனமான எலும்பு. "இதுதான் என் நாய்க்க அச்சு" என்று தூக்கிப் பிடித்துச் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது முடிவைத்தான் இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பொட்டுக் குட்டிகளை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள், வீட்டில் இருக்க இருக்கப் பேச்சு வளரும் என்று சொல்லி, ஒரு குட்டியை ஐந்தாவது வாரத்திலேயே தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார்கள். ஊசி போடவில்லை. அண்ணன் எடுத்தது போக மற்ற ஐந்து குட்டிகளையும் எட்டு வாரம் தாயோடு வைத்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், முதல் தடுப்பூசி போட்டார்கள். நிறம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குட்டிக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் அது பார்வோ வைரஸ் நோய் வந்து செத்தது. ரத்தபேதி தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள், டாக்டர் டிரிப் போட்டுப் பார்த்தார், ஒரு ராத்திரிகூடத் தாண்டவில்லை. வளர்த்த வீட்டுப் பெண் குழந்தை அதற்கு வாங்கிய சிவப்புக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

முதல் சோதனையும் அதை வாசித்த விதமும்

முதல் மாதிரியே வீணாகிவிட்டது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்க வேண்டும், காயவைக்க வேண்டும், பிறகுதான் உறையில் போட வேண்டும். டிசம்பர் மழையில் ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியதில் பூஞ்சை பிடித்துவிட்டது. போதாததற்குக் குட்டி பால் குடித்த உடனே எடுத்திருந்தார்கள், அப்படி எடுத்தால் தாயின் செல்களும் சேர்ந்து வரும். இரண்டாவது முறை குட்டியைத் தனியாக வைத்து, வாயைக் கழுவி, ஒரு மணி நேரம் கழித்து நான் எடுத்துக் கொடுத்தேன். முடிவு வர ஜனவரி கடைசி ஆகிவிட்டது.

முடிவில் எண்பது சதவீதத்துக்கு மேல் லாப்ரடார், கொஞ்சம் ராட்வைலர், கொஞ்சம் கோல்டன் ரெட்ரீவர், சிறு பங்கு 'அடையாளம் காண இயலாதது'. எல்லோர் கண்ணும் ராட்வைலர் என்ற சொல்லில் போய் நின்றது. அண்ணன், பார்த்தீர்களா கலப்பு என்றார். டீச்சர், உங்கள் நாயின் பாட்டனோ பூட்டனோ ராட்வைலராக இருந்திருக்கும் என்றார். சண்டை முன்னைவிடப் பெரிதானது.

அந்தத் தாளிலேயே பதில் பாதி இருந்தது. குட்டி தன் டி.என்.ஏ.வில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் வாங்குகிறது, நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயுடையது, ஒன்று தகப்பனுடையது. தகப்பன் தெரு நாய் என்றால் லாப்ரடார் பங்கு பாதிக்குப் பக்கத்தில்தான் நிற்கும், எண்பதைத் தாண்டாது. பெரிய எண்ணை யாரும் பார்க்கவில்லை, சின்ன எண்களைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

வம்சாவளிச் சோதனை வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் சின்ன எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். 2005-ல் டாஷா என்ற ஒரு பாக்ஸர் நாயின் முழு மரபணு வரிசை வெளியானது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான இடங்களில் ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் பார்த்து, இன்ன இனத்தில் இன்ன எழுத்து அதிகம் என்று நிறுவனங்கள் தரவு சேர்த்தன. உங்கள் நாயின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக அந்தத் தரவோடு ஒப்பிட்டு, இந்தத் துண்டு இந்த இனத்துக்கு நெருக்கம் என்று சொல்கிறார்கள். தரவில் இல்லாத இனத்தைச் சோதனையால் சொல்லவே முடியாது, இருப்பவற்றில் எது கொஞ்சம் ஒத்துப்போகிறதோ அதைச் சொல்லும், இல்லையென்றால் அடையாளம் இல்லை என்று விடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி நம் இனங்களுக்கும் நம் தெரு நாய்களுக்கும் இது முக்கியமான விஷயம். மேலைநாட்டு இனங்களை வைத்துக் கட்டிய தரவில் நம் நாயை ஒப்பிட்டால், வீட்டுப் பக்கமே வராத ஏதோ ஒரு இனத்தின் பெயர் சில சதவீதத்தோடு எட்டிப் பார்க்கலாம். அந்த ராட்வைலர் உண்மையாகவும் இருக்கலாம், வெறும் ஒப்புமையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சோதனை

இந்த நேரத்தில்தான் எங்கள் டாக்டர் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன? குட்டியில என்னென்ன இனம் கலந்திருக்குன்னா, இல்ல இந்த நாய்தான் தகப்பனான்னா?" இரண்டு பேரும் தகப்பன் யார் என்றுதான் கேட்டார்கள். அதற்கு வம்சாவளி வேண்டாம், பெற்றோர் சோதனை போதும், செலவும் குறைவு. ஆனால் சம்பந்தப்பட்ட எல்லா நாய்களின் மாதிரியும் வேண்டும். சந்தேகப்பட்ட குட்டியை மட்டும் பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார், டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தால் எல்லாக் குட்டியையும் பார்க்க வேண்டும், நிறத்தை வைத்துச் சந்தேகிப்பதே சரியா என்பதும் அதில்தான் தெரியும் என்றார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் நல்ல முடிவு இதுதான்.

தாய், அண்ணனின் நாய், உயிரோடிருந்த ஆறு குட்டிகள் என்று எட்டு நாய்கள். வித்த குட்டிகளின் வீடுகளுக்கு போன் செய்து வரச் சொன்னோம், ஒரு வீட்டுக்கு நானே பைக்கில் திங்கள்சந்தை வரை போனேன். இந்த முறை பஞ்சுக்குச்சி இல்லை, டாக்டரே ரத்தம் எடுத்தார். செத்த குட்டியின் மாதிரி எங்களிடம் இல்லை.

பெற்றோர் சோதனையில், நாய்க்கு நாய் நீளம் மாறுபடுகிற டி.என்.ஏ. இடங்கள் பலவற்றைப் பார்ப்பார்கள். ஓர் இடத்தில் தாய்க்கு 12, 15 என்றும் குட்டிக்கு 12, 18 என்றும் இருந்தால் 18 தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். சொல்லப்படுகிற தகப்பனிடம் 18 இல்லையென்றால் அது ஒரு பொருந்தாமை. ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாமல் இருந்தால் தற்செயலான மாற்றமாக இருக்கலாம், பல இடங்களில் பொருந்தவில்லை என்றால் அந்த நாய் தகப்பன் இல்லை. இல்லை என்று இந்தச் சோதனை உறுதியாகச் சொல்லும். ஆம் என்று சொல்லும்போது எல்லா இடமும் பொருந்துகிறது என்பதுதான் அர்த்தம், கூடப்பிறந்த இரண்டு ஆண் நாய்களும் சந்தேகத்தில் இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முடிவு வந்த அன்று இரண்டு தரப்பையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். ஆறில் ஐந்து குட்டிகளுக்குத் தகப்பன் அண்ணனின் மஞ்சள் நாய்தான். மிச்சமிருந்த பொட்டுக் குட்டியும் அந்த ஐந்தில் ஒன்று. பொருந்தாத குட்டி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணன் தூக்கிக்கொண்டு போன கறுப்புக் கடுவன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் டீச்சரின் மகன் சொன்னார்: இரண்டாவது மேட்டிங் முடிந்து வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, விடியற்காலையில் ரப்பர் பால் வெட்ட வந்தவர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு செவலை நாட்டு நாயைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார், வேலி பிரிந்து கிடந்திருக்கிறது. அம்மா திட்டுவார் என்று மகன் வெளியே சொல்லவில்லை. பெண் நாய்க்கு ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள் சாத்தியம்தான். ஒரே நேரத்தில் பல முட்டைகள் வெளியாகின்றன, அவை முதிர்ந்து கருத்தரிக்கத் தயாராக இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும், ஆணின் விந்தணு உள்ளே ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கும். அந்த வாரத்தில் எத்தனை நாய் ஏறினாலும் எல்லாமே போட்டியில் உண்டு.

பொட்டு வந்த வழி

அப்படியென்றால் கறுப்புத் தாய்க்கும் மஞ்சள் தகப்பனுக்கும் பொட்டுக் குட்டி எப்படி? இதற்காக இரண்டு பெற்றோருக்கும் நிறப் பட்டியல் சோதனை போட்டோம், ரத்தம் ஏற்கெனவே கையில் இருந்தது.

மூன்று ஜீன்களைத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஜீனுக்கும் தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று என்று இரண்டு பிரதி உண்டு. முதலாவது எம்.சி.1.ஆர்., இதை 'இ இடம்' என்பார்கள். இதன் இரண்டு பிரதியும் சின்ன 'இ' (வேலை செய்யாத வடிவம்) என்றால் முடியில் கறுப்பு நிறமியே உருவாகாது, மற்ற ஜீன்கள் என்ன சொன்னாலும் நாய் மஞ்சள்தான். மஞ்சள் லாப்ரடார் எல்லாம் இப்படித்தான், இரண்டு மஞ்சள் லாப்ரடாருக்கு மஞ்சள் குட்டி மட்டுமே பிறப்பதும் இதனால்தான். இரண்டாவது 'கே இடம்', 2007-ல் கண்டுபிடித்தது. இதில் ஆதிக்கக் கறுப்புப் பிரதி ஒன்று இருந்தாலே உடம்பு முழுக்கக் கறுப்பு, மூன்றாவது ஜீன் பேச வாய்ப்பே இல்லை. மூன்றாவது 'ஏ இடம்'. எங்கே கறுப்பு, எங்கே பழுப்பு என்று பிரிப்பது இது, கண்ணுக்கு மேல் பொட்டு வைப்பதும் இதன் ஒரு வடிவம்தான்.

தாயிடம் பொட்டு வடிவம் இரண்டு பிரதியும் இருந்தது, ஆனால் கே இடத்தில் ஒரு ஆதிக்கக் கறுப்பு இருந்ததால் வெளியே தெரியவில்லை. கூட இருந்த இன்னொரு கே பிரதி ஆதிக்கம் இல்லாதது. தகப்பனும் அதே அமைப்பு, ஆனால் மஞ்சள் நிறம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. தாய் ஒரு சின்ன 'இ'யும் சுமந்தது. இந்த ஜோடிக்குப் பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதி மஞ்சள், எட்டில் மூன்று கறுப்பு, எட்டில் ஒன்று பொட்டு. அண்ணனின் நாய்க்கு இதுவரை பொட்டுக் குட்டி பிறக்காததற்குக் காரணம், இதுவரை வந்த பெண் நாய்களிடம் அந்த மறைவான பிரதிகள் சேர்ந்து இருந்திருக்காது, பெரும்பாலான லாப்ரடார்களுக்கு ஆதிக்கக் கறுப்பு இரண்டு பிரதி உண்டு. நாட்டு நாய்க்குப் பிறந்த குட்டி முழுக் கறுப்பாக வந்ததும் தாய் கொடுத்த அந்த ஒரு பிரதியால்தான்.

செத்த குட்டிக்குத் தகப்பன் யார்? சொல்ல முடியாது. நாட்டு நாயிடமும் பொட்டு வடிவம் இருந்திருக்கலாம். அதன் நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கு வந்து அந்தக் குட்டியைத் தள்ளினார்கள், அந்த நிறம் தகப்பனைப் பற்றி எதையும் சொல்லவே இல்லை.

அதன் பிறகு

டீச்சர் ஒரு மஞ்சள் குட்டியைத் திருப்பி வாங்கித் தருவதாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கறுப்புக் கடுவனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு இரண்டாவது ஊசிக்கு வந்தார். "பிள்ளைகளோட பழகியாச்சு, இனி மாத்தமாட்டேன்" என்றார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார், நாட்டு நாய் ரத்தம் இருப்பதால் பெரியதானதும் கடிக்குமா என்று. 2022-ல் வெளியான, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தகவலை வைத்துச் செய்த ஆய்வில், தனித்தனி நாய்களின் குணத்தில் உள்ள வேறுபாட்டில் ஒன்பது சதவீதம் அளவுக்கே இனம் விளக்குகிறது என்று வந்ததை டாக்டர் சொன்னார். நீங்கள் வளர்க்கிற விதம்தான் பெரிசு என்றும் சொன்னார். அவர் நாய் வளர்க்கிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் குட்டிக்கு நல்ல இடம்தான்.

டீச்சர், பொட்டுக் குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. செத்த குட்டியை வளர்த்த தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை இப்போது சனிக்கிழமைகளில் வந்து பொட்டுக் குட்டியோடு விளையாடுகிறது.

அதே ரத்தத்தில் நோய் ஜீன்களையும் டாக்டர் பார்க்கச் சொல்லியிருந்தார். லாப்ரடாரில் ஓடினால் பின்னங்கால் துவண்டு விழுகிற கோளாறு ஒன்று உண்டு, படிப்படியாகப் பார்வை போகிற விழித்திரைக் கோளாறும் உண்டு, இரண்டுக்கும் ஜீன் சோதனை இருக்கிறது. தாய் இரண்டிலும் சுத்தம். அண்ணனின் நாய் விழித்திரைக் கோளாறின் ஒரு பிரதியைச் சுமக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இன்னொரு சுமக்கிற நாயோடு சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்குப் பார்வை போகும் வாய்ப்பு. நிறத்துக்காக மூன்று மாதம் சண்டை போட்டார்கள், உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இதுதான்.

இனி எப்படிச் செய்கிறோம்

கிளினிக்கில் இப்போது டி.என்.ஏ. சோதனை என்று யார் கேட்டாலும், என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதலில் எழுதி வாங்குகிறேன். தகப்பன் யார் என்பதற்கு ஒன்று, என்ன இனம் என்பதற்கு ஒன்று, என்ன நிறம் பிறக்கும் என்பதற்கு ஒன்று. தகப்பன் சந்தேகம் என்றால் ஒரு குட்டியும் வீட்டை விட்டுப் போவதற்கு முன் எல்லாக் குட்டிகளின் மாதிரியையும் எடுத்து வைக்கிறோம், சோதனைக்கு அனுப்புவது பிறகு தேவைப்பட்டால் போதும். பஞ்சுக்குச்சியைக் காற்றில் காயவைத்துக் காகித உறையில்தான் போடுகிறோம், இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, பிளாஸ்டிக் ஒத்துவராது. மேட்டிங்குக்கு வருகிற வீட்டாரிடம், ஹீட் முழுதாக முடியும்வரை நாயை வெளியே விடாதீர்கள், வேலியைப் பாருங்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது, முதல் ஊசி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதை முன்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது ஏழு குட்டி பிறந்தால் ஏழுக்கும் பெயர் எழுதி ஏழு ஊசி அட்டையும் முதல் நாளே போட்டுவிடுகிறேன், விலை போகாத குட்டிக்கும் சேர்த்து.

அண்ணன் தன் நாயின் நிறப் பட்டியலையும் நோய்ப் பட்டியலையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மேட்டிங்குக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, பொட்டுக் குட்டி பிறந்தாலும் என் நாயுடையதாக இருக்கலாம், கண் சோதனை செய்த பெண் நாயை மட்டும் கொண்டுவாருங்கள் என்கிறார். போன மாதம் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.